பூந்தாது தின்றால் பிள்ளை பிறக்குமா?

கலியாணமாகி மூன்று வருடங்கள் கழிந்தும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்றால், அந்த வீட்டுக்கு வருகின்ற ஒவ்வொருவரும் ஒவ்வொரு மருந்து சொல்வார்கள். ஒருவர் லேகியம் சொல்வார். இன்னொருவர் வேர் சொல்வார். அண்மைக் காலமாக இந்த வரிசையில் ஒரு புதிய போத்தலும் சேர்ந்திருக்கிறது. மஞ்சளும் செம்மஞ்சளும் கபிலமுமாகச் சிறு மணிகள் நிறைந்த அந்தப் போத்தலைத் 'தேனீ மகரந்தம்' என்கிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் மலட்டுத்தன்மையைப் போக்கும், ஆதிகாலத்து இயற்கை மருந்து, பக்கவிளைவு இல்லாதது என்று சொல்லி விற்கிறார்கள். அதன் விலையோ ஒரு கூலித் தொழிலாளியின் பல நாள் உழைப்பு.

வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்து, பல இடங்களில் அலைந்து, மீண்டும் ஒரு காணியில் காலூன்ற முயலும் குடும்பங்களுக்கு இது சிறிய செலவல்ல. பணத்தைவிடப் பெரிய இழப்பும் ஒன்று உண்டு. அது காலம். போத்தலை நம்பிக் காத்திருக்கும் மாதங்கள் திரும்பி வருவதில்லை. ஆகவே இந்த மகரந்தம் என்ன, அதைப்பற்றிய நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை, பிள்ளை வேண்டுவோர் உண்மையில் செய்யவேண்டியது என்ன என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மகரந்தம் என்பது என்ன?

பூவின் நடுவே மெல்லிய காம்புகளின் நுனியில் இருக்கும் தூளே மகரந்தம். எமது முன்னோர் இதைப் பூந்தாது என்றார்கள். ஒரு மணி சாதாரணமாக மில்லிமீற்றரின் நூறில் சில பங்குதான் இருக்கும். தனி மணியைக் கண்ணால் காண்பது கடினம். விரலில் ஒட்டும்போது மஞ்சள் தூளாகத் தெரியும்.

மகரந்தம் செடியின் ஆண் பகுதி. அது அதே இனப் பூவின் பெண் பகுதியில் விழ வேண்டும். விழுந்ததும் ஒரு நுண்ணிய குழாயை உள்ளே அனுப்பிச் சூலை அடைந்து கருக்கட்டச் செய்கிறது. அதன் பின்புதான் காயும் விதையும் உண்டாகும். ஒரு பூசணிக்காயில் 300 விதைகள் இருந்தால், குறைந்தது 300 மகரந்தமணிகள் அந்தப் பூவுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. பூசணியின் மகரந்தம் பாகற்பூவில் விழுந்தால் பாகல் காய்க்காது. ஒவ்வொரு இனத்தின் மகரந்தமும் தன் இனத்துக்கு மட்டுமே பயன்படும். செடிக்குச் செடியே இப்படி என்றால், மகரந்தத்தின் கருக்கட்டும் ஆற்றல் மனிதருடைய வயிற்றுக்குள் போய் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. வயிற்றுக்குள் போனதும் அது வெறும் உணவே. சோறும் பருப்பும் சமிப்பதுபோல அதுவும் சமிக்கும்.

தேனீ அதை என்ன செய்கிறது?

இலங்கையில் தேன் சேர்க்கும் ஈக்கள் நான்கு வகை. பெரிய மரக்கிளைகளிலும் பாறைகளிலும் ஒற்றை வதை தொங்கவிடும் பெருந்தேனீ. பற்றைக் கொம்பில் சிறிய வதை கட்டும் கொம்புத்தேனீ. மரப்பொந்தில் அடுக்கடுக்காக வதை கட்டுவதும் பெட்டியில் வளர்க்கக்கூடியதுமான பொந்துத்தேனீ. கொடுக்கு இல்லாத சின்னஞ்சிறு கொசுத்தேனீ. இவை எல்லாம் தேனோடு மகரந்தத்தையும் சேர்க்கின்றன.

பூவில் உருண்டு எழும்பும் தேனீயின் உடல் மயிரில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். தேனீ அதைக் கால்களால் வழித்து, சிறிது தேன் சேர்த்துக் குழைத்து, பின்னங்கால்களில் உள்ள குழிவான இடத்தில் இரு உருண்டைகளாக வைத்துக்கொண்டு கூட்டுக்குப் பறக்கும். போத்தலில் விற்கப்படுவது இந்த உருண்டைகளே. கூட்டில் தேனீக்கள் இவற்றை வதையின் அறைகளில் இடித்து அடைத்துத் தேனால் மூடும். அங்கே அது தயிர் புளிப்பதுபோல இலேசாகப் புளித்துத் 'தேனீயின் சோறு' ஆகிறது. காட்டுத்தேன் எடுத்தவர்கள் வதையைச் சப்பும்போது இடையிடையே நாவில் படும் புளிப்பும் கைப்பும் இதுதான்.

இந்தச் சோற்றை மிகுதியாக உண்பவை குஞ்சுகளைப் பராமரிக்கும் இளம் வேலைக்காரத் தேனீக்கள். இதை உண்டு, தம் தலையில் உள்ள சுரப்பிகளில் பால்போன்ற ஒன்றைச் சுரந்து, குஞ்சுகளுக்கும் இராணிக்கும் ஊட்டுகின்றன.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

முதலாவது வழி, எமது மொழிக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் 'தாது' என்றால் பூவின் மகரந்தம். அதே சொல் சித்த வைத்தியத்தில் உடலைத் தாங்கும் ஏழு பொருள்களைக் குறிக்கும். அவற்றுள் ஏழாவது, ஆணின் சுக்கிலம். 'தாது புஷ்டி' என்று விற்கப்படும் லேகியங்கள் இந்த ஏழாவது தாதுவைப் பெருக்குவதாகச் சொல்லப்படுபவை. பூவின் தாது செடிக்கு விந்து. எனவே அது மனிதனின் தாதுவையும் வளர்க்கும் என்று நினைப்பது மனதுக்கு எளிது. ஆனால் ஒரே சொல் இரண்டைக் குறிப்பதால் ஒன்று மற்றதற்கு மருந்தாகிவிடாது.

இரண்டாவது வழி, பேரீச்சை விளையும் அரபு நாடுகளிலிருந்து வந்தது. எமது பனையைப் போலப் பேரீச்சையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பாளையை வெட்டிப் பெண் பாளைக்குள் வைத்துக் கையால் காய்க்கச் செய்யும் முறை மெசொப்பொத்தேமியாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அறியப்பட்டது. கைப்பிடித் தூளால் ஒரு மரமே குலைகுலையாகக் காய்ப்பதைக் கண்ட மக்கள், அந்தத் தூளையே பிள்ளையில்லாத ஆண்களுக்குக் கொடுத்தார்கள். எகிப்திலும் அரபு நாடுகளிலும் பேரீச்ச மகரந்தம் இன்றும் நாட்டு வைத்தியத்தில் உண்டு. மகரந்தம் பிள்ளைப்பேற்று மருந்து என்ற எண்ணத்துக்கு உண்மையான பழைய மரபு ஒன்று உண்டென்றால் அது இதுவே. அதுகூடத் தேனீ சேர்த்ததல்ல, மரத்திலிருந்து நேரே எடுத்தது.

மூன்றாவது வழி, இராணித் தேனீ. ஐரோப்பிய இன இராணி ஒரு நாளில் 1500 முட்டைகளுக்கு மேல் இடக்கூடியது. எனவே தேன்கூட்டில் இருப்பதை உண்டால் எமக்கும் அந்த வளம் வரும் என்கிறார்கள். ஆனால் கூட்டுக்குள் நடப்பதைப் பாருங்கள். இராணி உண்பது பெரும்பாலும் இளம் தேனீக்கள் சுரக்கும் பாலையே. மகரந்தத்தை வயிறாரத் தின்பவை வேலைக்காரத் தேனீக்கள். அவையும் பெண்களே, ஆயினும் இராணி இருக்கும்வரை அவை சாதாரணமாக முட்டை இடுவதில்லை. மகரந்தம் தின்பதால் கருவளம் வருமென்றால் முதலில் அவற்றுக்கல்லவா வரவேண்டும்?

எமது நாட்டு மரபு என்ன சொல்கிறது? 1660 இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு ஏறத்தாழ 20 வருடங்கள் இங்கு வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியான தமது நூலில் இந்நாட்டின் மூவகைத் தேனீக்களை விவரிக்கிறார். மரத்தில் தொங்கும் தேனீக்களைப் பந்தம் பிடித்து விழுத்தி, அவித்து உண்டார்கள் என்றும் எழுதுகிறார். அவர் அதை உணவாகவே சொல்கிறார். வேடர்களுக்கும் தேன் முக்கிய உணவாகவும் பண்டமாற்றுப் பொருளாகவும் இருந்தது. சித்த வைத்தியத்திலும் தேன் மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் அனுபானமாகப் பெரிதும் பயன்படுகிறது.

மகரந்தத்தை மட்டும் தனியே பிரித்து எடுக்கும் வழக்கம் புதியது. தேன்பெட்டியின் வாசலில் சிறு துளைகள் உள்ள தட்டைப் பொருத்தினால், தேனீ நெருக்கிக்கொண்டு நுழையும்போது காலில் உள்ள உருண்டைகள் கழன்று கீழே விழும். இந்தப் பொறி 20 ஆம் நூற்றாண்டிலேயே வந்தது. ஆகவே 'ஆதிகாலத்து மருந்து' என்று போத்தலில் எழுதுவது, பழைய பெயரில் புதிய சரக்கை விற்பதாகும்.

அதில் சத்து இல்லையா?

இருக்கிறது. பூவைப் பொறுத்து வேறுபட்டாலும், மகரந்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். மாச்சத்து, கொழுப்பு, உயிர்ச்சத்துகள், தாதுஉப்புகள் என்பனவும் உண்டு. ஆனால் மகரந்தமணியின் வெளிக்கூடு மிகக் கடினமானது. அதனால் உள்ளிருக்கும் சத்து முழுவதும் எமது குடலுக்குக் கிடைப்பதில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி மகரந்தம் ஏறத்தாழ 5 கிராம். அதில் 1 கிராம் அளவில் புரதம் இருக்கும். ஒரு கோழி முட்டையில் 6 கிராம். 50 கிராம் பாசிப்பயற்றில் 12 கிராம். முற்றத்து முருங்கையிலையில் இரும்பும் போலேற்றும் உண்டு. நெத்தலியில் புரதமும் கல்சியமும் உண்டு. உடல் மெலிந்து சத்துக்குறைந்த ஒருவருக்கு நல்ல உணவு கருவளத்துக்கும் உதவும் என்பது உண்மை. ஆனால் அந்த உணவு போத்தலில் வரவேண்டியதில்லை. போத்தல் ஒன்றின் பணத்தில் ஒரு குடும்பம் பல வாரங்களுக்கு முட்டையும் பயறும் உண்ணலாம்.

மகரந்தம் கொடுத்து எலிகளில் சில பரிசோதனைகள் நடந்துள்ளன. அவற்றின் முடிவுகள் ஒரேவிதமாக இல்லை. மனிதரில், மகரந்தம் உண்டதால் பிள்ளை தரித்தது என்று காட்டும் நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் இல்லை.

'தின்றவர்களுக்குப் பிறந்ததே?'

இந்தக் கேள்வி நியாயமானது. மகரந்தம் உண்டபின் பிள்ளை பெற்றவர்கள் இருப்பார்கள். அதன் காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டும்.

சேர்ந்து வாழும் பத்துத் தம்பதியரில் எட்டுப் பேருக்கு மேல் முதல் வருடத்துக்குள் கருத்தரிக்கிறார்கள். எஞ்சியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டாம் வருடத்தில், எந்த மருந்தும் இல்லாமலே கருத்தரிக்கிறார்கள். மக்கள் மருந்து தேடத் தொடங்குவது எப்போது? முதல் வருடம் கழிந்தபின்புதான். எனவே அந்த இரண்டாம் வருடத்தில் எதைச் சாப்பிட்டாலும், பாதிப்பேருக்குப் பிள்ளை தரிக்கும். பெயர் மட்டும் அந்த மருந்துக்குப் போகும். பிறந்தவர்கள் ஊரெல்லாம் சொல்வார்கள். பிறக்காதவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். இப்படித்தான் ஒரு மருந்தின் புகழ் வளர்கிறது.

யாருக்கு ஆபத்து?

'இயற்கையானது, தீங்கில்லை' என்பதும் சரியல்ல. பின்வருவோர் மகரந்தத்தைத் தொடவே கூடாது.

1. தொய்வு, முட்டு, பூந்தூள் ஒவ்வாமை, தேனீ கொட்டினால் உடல் தடிக்கும் தன்மை உள்ளவர்கள். சிலருக்கு ஒரு தேக்கரண்டியே போதும்: முகமும் தொண்டையும் வீங்கி, மூச்சு அடைத்து, உயிருக்கு ஆபத்து நேரலாம். அப்படி நேர்ந்தால் கைமருந்து தேடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

2. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும். அவர்களுக்கு இது பாதுகாப்பானது என்று நிறுவப்படவில்லை. கருத்தரிக்க முயலும் பெண் தான் கர்ப்பிணி என்பதை அறியாமலே முதல் வாரங்களில் இதை உண்ணக்கூடும் என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

3. இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் குளிசை எடுப்பவர்கள்.

இன்னொன்று: ஈரப்பதன் உள்ள மகரந்தம் எமது வெப்பத்தில் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். கிருமிநாசினி அடித்த தோட்டத்தில் சேர்த்ததானால் அந்த நஞ்சும் அதில் இருக்கும்.

தேனைப்பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. ஒரு வயது நிறையும்வரை குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து, உடலைத் தளர்வடையச் செய்யும் கொடிய நோயை உண்டாக்கும். தவமிருந்து பெற்ற பிள்ளையை இப்படி இழக்கக் கூடாது.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் ஒன்றை மனதில் பதியுங்கள். பிள்ளையில்லாமை பெண்ணின் குற்றமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தவர்களில் ஆறில் ஒருவர் தம் வாழ்நாளில் இந்தக் குறையை அனுபவிக்கிறார். காரணம் தேடினால், சரிபாதி அளவான தம்பதியரில் ஆணின் பக்கத்திலும் குறை இருக்கிறது. ஆனால் எமது ஊர்களில் 'மலடி' என்ற சொல் உண்டு. ஆணுக்கு அப்படி ஒரு வசைச்சொல்லை எவரும் சொல்லுவதில்லை. மாமியார் ஏசுவதும், இரண்டாம் கலியாணம் பேசுவதும், நல்ல காரியங்களில் அந்தப் பெண்ணை ஒதுக்குவதும் அநியாயம். சோதனையே செய்யாமல் தீர்ப்புச் சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

இனிச் செய்யவேண்டியவை:

1. நாள்களை அறியுங்கள். பெண்ணின் முட்டை வெளிவந்தபின் ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. ஆணின் விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள்வரை உயிர்வாழும். முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள்களுக்கு முன்னர். எனவே 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் பெண்ணுக்கு, வந்த முதல் நாளை ஒன்றாக எண்ணினால், 9 ஆம் நாளிலிருந்து 15 ஆம் நாள்வரை முக்கியமானவை. கணவன் தூர இடத்தில் கூலிவேலை செய்து மாதத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டுக்கு வருகிறார் என்றால், இருவரிடமும் எந்தக் குறையும் இல்லாமலே வருடங்கள் கழியலாம். இடம்பெயர்ந்த பல குடும்பங்களில் மருந்துக்கு முன்னர் பார்க்கவேண்டியது இதுவே. ஒரே கொட்டிலில் பெற்றோரும் சகோதரங்களுமாக நெருங்கி வாழும் நிலையில், இளம் தம்பதியருக்குத் தனிமை ஏற்படுத்திக் கொடுப்பது பெரியவர்களின் பொறுப்பு.

2. ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் தரிக்கவில்லை என்றால், இருவருமாக வைத்தியரிடம் போங்கள். பெண்ணுக்கு 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். போரில் பிள்ளையை இழந்தவர்கள், முகாம் வாழ்க்கையால் கலியாணம் பிந்தியவர்கள் எமது மத்தியில் பலர். இடம்பெயர்வு பறித்த வருடங்களை எந்தப் போத்தலும் திருப்பித் தராது. இருக்கும் காலத்தையாவது வீணாக்காதீர்கள்.

3. ஆணின் சோதனையை முதலிலேயே செய்யுங்கள். விந்துச் சோதனை எளிதானது, வலியில்லாதது. பெண்ணுக்குப் பல சோதனைகளும் செலவும் செய்தபின், கடைசியில் கணவனைச் சோதிப்பதே எம்மவர் வழக்கம். இதை மாற்றவேண்டும். வளர்ந்த வயதில் வந்த கூகைக்கட்டு, விதையில் பட்ட அடி, விதைப்பையில் நரம்பு புடைத்தல், சலரோகம் என்பன ஆணில் குறையை உண்டாக்கலாம். பெண்ணில் தைரொயிட் குறைபாடு, ஒழுங்கற்ற மாதவிடாய், கிருமித் தொற்றாலோ சயரோகத்தாலோ அடைபட்ட குழாய்கள் என்பன காரணமாகலாம். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

4. புகையிலையையும் மதுவையும் விடுங்கள். புதிய விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் தொடக்கம் மூன்று மாதம் ஆகும். ஆகவே சுருட்டையும் கசிப்பையும் இன்று விட்டால் பலன் மூன்று மாதத்தின் பின்பே தெரியும். பொறுமை வேண்டும்.

5. குடும்பநல உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். கருத்தரிக்க விரும்பும் பெண், கருத்தரிக்க முன்னரே நாளொன்றுக்குக் குறைந்தது 400 மைக்கிரோகிராம் போலிக் அமிலம் எடுப்பது நல்லது. இது பிள்ளையின் முள்ளந்தண்டிலும் மூளையிலும் வரக்கூடிய பிறவிக் குறைகளைத் தடுக்கிறது. எமது நாட்டின் பொதுச் சுகாதார சேவையில் புதுமணத் தம்பதியருக்கான ஆலோசனையும் இந்தக் குளிசையும் கிடைக்கின்றன. ஜேர்மன் சின்னமுத்துத் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் கேட்டு அறியலாம். இதற்குக் காசு தேவையில்லை. பதிவு மாறியதால் கிடைக்காது என்று நினைக்கவேண்டாம். இப்போது வசிக்கும் இடத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள்.

நாட்டு வைத்தியத்தை நாம் தள்ளிவிடவில்லை. முருங்கைப்பூவைப் பாலில் அவித்து உண்பது நல்ல உணவே. ஆனால் எந்தப் பரிகாரியிடம் போனாலும் மேற்சொன்ன சோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். ஒன்று மற்றதற்குத் தடையாகக் கூடாது.

மருந்தடிப்பவர் கவனத்துக்கு

கமக்காரர் கருவளத்தைப்பற்றி அறியவேண்டிய உண்மைச் சம்பவம் ஒன்று உண்டு. 1977 இல் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கிருமிநாசினி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர், தங்களில் பலருக்குப் பிள்ளை தரிக்கவில்லை என்பதைத் தமக்குள் பேசிக்கொண்டபோது உணர்ந்தார்கள். சோதித்தபோது பலருடைய விந்தணுக்கள் மிகக் குறைந்திருந்தன. சிலரில் அறவே இல்லை. வேர்ப்புழுக்களைக் கொல்லப் பயன்பட்ட டீ.பி.சி.பி. என்ற நஞ்சே காரணம். 1979 இல் அந்நாடு அதன் பெரும்பாலான பயன்பாட்டைத் தடைசெய்தது. மத்திய அமெரிக்காவின் வாழைத்தோட்டத் தொழிலாளர் பலரும் இதே நஞ்சால் மலடானார்கள்.

அந்த நஞ்சு விலக்கப்பட்டுவிட்டது. பாடம் விலக்கப்படவில்லை. வெறும் மேலோடு, காற்றுக்கு எதிராக, ஒழுகும் மிசினை முதுகில் சுமந்து மருந்தடிக்கும் இளைஞர்கள், தோலாலும் மூச்சாலும் நஞ்சை உள்ளே எடுக்கிறார்கள். நீளக் கையுள்ள சட்டை, காற்சட்டை, கையுறை, வாய்மூடி அணியுங்கள். அடித்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். கர்ப்பிணி மனைவியிடம் தோய்க்கக் கொடுக்காதீர்கள். மருந்துக் கலனைத் தண்ணீர் அள்ளப் பாவிக்காதீர்கள்.

மகரந்தம் வளம் தருவது தோட்டத்துக்கே

மகரந்தத்தின் வளம் உண்மையில் வேலைசெய்யும் இடம் எமது தோட்டம். பூசணி, பாகல், புடோல், வெள்ளரி ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் வேறுவேறு. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். பலர் இதைப் பசளைக் குறை என்று நினைத்து மேலும் யூரியா போடுகிறார்கள்.

பல வருடம் ஆளில்லாமல் கிடந்த காணியைத் துப்புரவாக்கும்போது பொந்துள்ள பழைய மரங்களையும் சேர்த்துத் தறித்துவிட்டால், தேனீக்கும் வீடில்லாமல் போகிறது. கூடுமானவரை ஒன்றிரண்டு மரங்களையாவது விடுங்கள். தேன் எடுக்கும்போது கூட்டை நெருப்பால் எரிக்காதீர்கள். குஞ்சுள்ள வதையை விட்டுத் தேனுள்ள பகுதியை மட்டும் வெட்டுங்கள். வேலியோரம் துளசி, எள்ளு, சோளன் போன்றவை பூத்திருக்கட்டும். பூத்திருக்கும் பயிருக்குக் காலையில் மருந்தடிக்காதீர்கள். அடித்தே ஆகவேண்டுமானால், தேனீ கூடு திரும்பிய பின்னேரத்தில் அடியுங்கள்.

தேனீ குறைந்த இடத்தில் பூசணிக்குக் கையால் மகரந்தம் சேர்க்கலாம். பூ விரிந்திருக்கும் விடியற்காலையில், 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களை அகற்றுங்கள். நடுவிலுள்ள தூள் படிந்த பகுதியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகப் பல இடங்களில் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு, மூன்று பெண் பூக்களுக்குப் போதும். சில நாள்களில் பிஞ்சு பச்சையாகப் பருத்தால் கருக்கட்டிவிட்டது என்று அறியலாம். பொந்துத்தேனீயைப் பெட்டியில் வளர்ப்பவர்கள் மகரந்தப் பொறி வைக்கவேண்டாம். எமது தேனீயின் கூட்டம் சிறியது. சோற்றைப் பறித்தால் குஞ்சுகள் பட்டினி கிடக்கும்.

இறுதியாக

எல்லாச் சோதனையும் சிகிச்சையும் செய்த பின்னரும் சிலருக்குப் பிள்ளை கிடைக்காமல் போகலாம். அவர்களது இல்லறம் குறைந்த இல்லறம் அல்ல. விரும்புவோர், நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் அலுவலகத்தில் விசாரித்து, நீதிமன்றத்தின் மூலம் சட்டப்படி ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கலாம். வீட்டுக்கு வீடு இரகசியமாகக் கைமாறும் பிள்ளைக்கு நாளை பிறப்புப் பத்திரமும் இராது, பாதுகாப்பும் இராது. எனவே சட்ட வழியையே நாடுங்கள்.

அடுத்தமுறை எவராவது மஞ்சள் மணிகள் நிறைந்த போத்தலோடு உங்கள் படலையைத் திறந்தால், மரியாதையாக இருக்கச் சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்புங்கள். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு, கணவனும் மனைவியுமாக ஒரே பஸ்ஸில் வைத்தியசாலைக்குப் போங்கள். பூந்தாதைத் தேனீயிடமும் பூசணிப் பூவிடமும் விட்டுவிடுங்கள்.